முதலிடத்தில் கிளம்பிய கார் ஏன் ஆறாவதாக வந்தது?

2013 மே 12, பார்சிலோனா. ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரின் ஸ்பானிய கிராண்ட் பிரீயில் முதல் வரிசையில் நின்ற இரண்டுமே மெர்சிடிஸ் கார்கள். பந்தயம் முடிந்தபோது நிகோ ரோஸ்பெர்க் ஆறாவது, லூயிஸ் ஹாமில்டன் பன்னிரண்டாவது. விபத்தும் இல்லை, இன்ஜின் பழுதும் இல்லை. பின் டயர்கள் சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

பந்தய டயருக்குச் சூடு வேண்டும். தார்ப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. ரப்பர் அவற்றுக்குள் அமுங்கி, சற்றுத் தாமதித்தே பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. பிடிமானத்தின் பெரும்பங்கு இந்தத் தாமதத்தில் பிறக்கிறது. அதில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. ஆறிப்போன ரப்பர் விறைத்துப் போய்ப் பள்ளங்களில் இறங்காது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேல் போனால் பிடி தளரும், கார் வழுக்கும், வழுக்கல் இன்னும் சூடேற்றும். இந்தச் சுழலில் சிக்கிய ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

யார் எந்த இடத்தில் கிளம்புவது என்பதை ஒரே ஒரு வேகமான சுற்றின் நேரத்தை வைத்து முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. டயரின் உட்பகுதி வரை சூடு இறங்குவதற்குள் அந்த ஒரு சுற்று முடிந்துவிடும். பந்தயமோ 66 சுற்று, அதுவும் தொட்டி நிறைய எரிபொருளோடு.

சரி, கார் வடிவமைப்புக்கு இதில் என்ன வேலை? நிறையவே இருக்கிறது. சக்கரத்துக்குள் இருக்கும் கார்பன் பிரேக் வட்டு 1000 டிகிரி வரை கொதிக்கும். அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்குள் இருக்கும் காற்றுக்குப் போனால் அழுத்தம் ஏறும். டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால் பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாயை எப்படி வளைப்பது என்பதிலேயே பந்தயம் கைமாறலாம். காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் கூடினால் வழுக்கல் குறையும். ஆனால் முன்னால் போகும் காரை ஒட்டி ஓடும்போது கலங்கிய காற்றில் அது குறைந்துவிடுகிறது. பின்தொடர்பவரின் டயர் சீக்கிரம் தேய்வது அதனால்தான்.

அதே ஆண்டு லோட்டஸ் கார் டயரை மென்மையாகக் கையாண்டது. ஆஸ்திரேலியாவில் ஏழாவதாகக் கிளம்பிய கிமி ராய்க்கோனன் டயர் மாற்ற இரண்டே முறை நின்று (பிட் ஸ்டாப்) வென்றார். அடுத்து வந்த அலோன்சோவுக்கும் வெட்டலுக்கும் மூன்று தேவைப்பட்டன. அந்தப் பருவத்தின் மிக அழகான வெற்றி என்று அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் டயர்கள் அடுத்தடுத்து வெடித்தன. ஹங்கேரி பந்தயத்திலிருந்து, எல்லா அணிகளுக்கும் டயர் தரும் பிரெல்லி நிறுவனம் 2012 ஆம் ஆண்டின் டயர் கட்டமைப்புக்குத் திரும்பியது. அந்தப் பந்தயம் ஹாமில்டனுக்கு; மீதமிருந்த ஒன்பதும் ரெட் புல்லின் வெட்டலுக்கு. டயர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் டவுன்ஃபோர்ஸ் மிகுந்த அந்தக் காரின் பாரத்தை முந்தைய டயரைவிட இது நன்றாகவே தாங்கியது.