கொலராடோ காற்றும் குன்னூர் காற்றும்

இந்திய ஓட்டக்காரர் குல்வீர் சிங் பத்தாயிரம் மீட்டரை 27 நிமிடம் 0.22 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்த செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மலைக்காத்துக்காக அமெரிக்கா வரைக்கும் போகணுமா சார்? நம்ம ஊட்டியில இல்லாத காத்தா?"

நியாயமான கேள்வி. குல்வீர் பயிற்சி எடுக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,840 மீட்டர். ஏறக்குறைய நம் குன்னூர். ஊட்டி அதையும் தாண்டி 2,240. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் அதே உயரம்தான். அங்கே பத்தாயிரம் மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வாங்கிய நேரம் 29:27.4. உலக சாதனையை 27:39.4 என்று கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். மலையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கும் சமவெளி உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை உலகமே பார்த்தது அன்றுதான். தடகளப் பயிற்சியாளர்கள் மலையேறத் தொடங்கிய கதைக்கும் அதுவே பிள்ளையார் சுழி.

மலையில் "ஆக்சிஜன் சதவீதம்" குறைவு என்பார்கள். தவறு. ஊட்டியிலும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பஸ் லவ்டேல் தாண்டும்போது பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்று அதை அழுத்திப் பிடிக்கும் பலம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் வந்த உப்பல் அது. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளிவிடும் பலமும் அதே அளவு குறைந்துவிடுகிறது.

முதல் இரண்டு நாளில் உடம்பு செய்வதெல்லாம் சமாளிப்பு. மூச்சு வேகமாகும், அடிக்கடி சிறுநீர் போகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி சுண்டுவதால் பரிசோதனையில் சிவப்பணு விகிதம் ஏறியதுபோலத் தெரியும். "ரெண்டே நாள்ல ரத்தம் ஊறிடுச்சு" என்று துள்ளுகிறவர்கள் பார்ப்பது இந்தச் சுண்டிய குழம்பைத்தான். நிஜமான ஊறல் சிறுநீரகத்தில் தொடங்குகிறது. எனக்குப் பிடித்த இடமும் அதுதான், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம்.

ஆக்சிஜன் குறைந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் ஹிஃப் என்றொரு புரதம் இருக்கிறது. "எரித்ரோபொய்டின் தயாரி" என்று மரபணுவுக்குப் போகும் உத்தரவு ஓலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எரித்ரோபொய்டின், சுருக்கமாக இ.பி.ஓ, எலும்பு மஜ்ஜைக்குப் போய் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் செல் இந்த ஓலையை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. எழுதிய ஐந்தாறு நிமிடத்தில் கிழித்தும் போட்டுவிடுகிறது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் எழுதுவதும் கிழிப்பதுமாக வேலை நடக்கிறது.

கிழிப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. தாலுகா ஆபீஸ் தோற்றுப்போகும். முதலில் ஒரு நொதி வந்து, புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடமாகப் பார்த்து "ரத்து" என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரை இருந்தால்தான் வி.எச்.எல் என்ற இன்னொரு புரதம் ஓலையை அடையாளம் கண்டு, செல்லின் குப்பை அரைவைக்கு அனுப்பும். அந்த முத்திரைக்கு மை எது தெரியுமா? ஆக்சிஜனேதான்! உவமைக்காகச் சொல்லவில்லை. நொதி ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்து, ஹைட்ராக்சிலாக நிஜமாகவே அந்தப் புரோலினில் ஒட்டுகிறது. மலைக்குப் போனதும் மை குறைகிறது. முத்திரை விழாத ஓலைகள் தப்பிப் பிழைத்து செல்லின் உட்கருவுக்குள் போய்விடுகின்றன.

எழுதி எழுதிக் கிழிப்பது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் ஓலையை முதல் எழுத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாதே! கிழிப்பதை நிறுத்தினால் போதும், உத்தரவு நிமிடங்களில் தயார்.

இந்தப் பொறுப்பு ஏன் சிறுநீரகத்துக்கு வந்தது என்பதும் அழகு. அங்கே அதிக ரத்தம் வந்தால் வடிகட்டும் வேலையும் கூடும், அதற்கான ஆக்சிஜன் செலவும் கூடும். வரவும் செலவும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், ரத்த ஓட்டம் மாறினாலும் அளவீடு குழம்பாது. ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் மணி அடிக்கும்.

இதைக் கண்டுபிடித்ததற்காக கெலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. கெலின் இதற்குள் வந்தது ஓட்டக்காரர்களைப் பார்த்தல்ல, வி.எச்.எல் மரபணு பழுதாகிக் கட்டிகள் வரும் ஓர் அபூர்வ பரம்பரை நோய் வழியாக. "சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் நம் நிதி விண்ணப்பப் படிவத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். இன்று முத்திரை குத்தும் அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகளே சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு வந்துவிட்டன. இந்தியாவிலேயே உருவான டெசிடுஸ்டாட் 2022இல் அனுமதி பெற்றது. விளையாட்டு வீரர்கள் அந்த வகை மாத்திரையைத் தொட்டால் ஊக்கமருந்து வழக்குதான்.

மலையில் தங்கினால் ஹீமோகுளோபின் மொத்த அளவு நூறு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் கூடும். மூன்று நான்கு வாரம் தங்குவது அதனால்தான். உடம்பில் இரும்புச்சத்து இருந்தால்தான் அதுவும். உத்தரவு வந்தும் செங்கல் இல்லாத கொத்தனார் என்ன செய்வார்? ஜிம்மில் முகமூடி மாட்டிக்கொண்டு "மலைப் பயிற்சி" செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அது மூச்சுவிடுவதைச் சிரமமாக்குமே ஒழிய, காற்றின் அழுத்தத்தைக் குறைக்காது. சிறுநீரகத்துக்கு அந்த முகமூடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வாசகர் கேள்விக்கு வருகிறேன். மலையில் ஒரு சிக்கல் உண்டு: அங்கே வேகமாக ஓட முடியாது. வேகம் குறைந்தால் கால் மந்தமாகும். 1997இல் லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் 39 ஓட்டக்காரர்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்தவர்கள் ஐயாயிரம் மீட்டரில் சராசரியாக 13.4 விநாடி முன்னேறினார்கள். மேலே தூக்கம், கீழே ஓட்டம். ஊட்டியில் தூங்கிவிட்டு, வேக ஓட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு இறங்கலாம். கொண்டை ஊசி வளைவில் குமட்டாத வயிறு வேண்டும், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நீலகிரிக்கு இருக்கும் வசதி கொலராடோவுக்கே பொறாமை தரும்.

ஆக, காற்றில் குறையில்லை. குல்வீர் 2025 பிப்ரவரியில் பாஸ்டனில் உள்ளரங்க ஐயாயிரத்தை 12:59.77இல் முடித்தார். மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அந்த 27:00.22. இரண்டுமே கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்கள். இரண்டு மாதம் கழித்து தென்கொரியாவின் குமியில் ஆசியத் தங்கம் வென்றபோது அதே பத்தாயிரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 28:38.63. ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கூடுதல். சிறுநீரகமும் ரத்தமும் அதற்குள் மாறிவிடவில்லை. குமியில் ஜெயிக்க அந்த வேகமே போதுமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் தேசிய சாதனையோடு அவர் ஓடி வந்த இடம், ஆறாவது.