நியோஇன்டிமா – புத்துட்படை

காயப்பட்ட நாடியின் (தமனியின்) உட்புறத்தில் புதிதாகத் தடித்து வளரும் படைதான் நியோஇன்டிமா. 'நியோ' கிரேக்கச் சொல். புதிய என்பது பொருள். 'இன்டிமா' இலத்தீன், ஆக உள்ளே இருப்பது. நாடிச் சுவரின் மூன்று படைகளில் குருதிப் பக்கமாக உள்ளது உட்படை. எனவே நியோஇன்டிமாவைப் புத்துட்படை எனலாம்.

'புதிய அகவணி' என்று எழுதுவது பிழை. அகவணி என்பது நாடியின் உட்புறத்தை மூடியிருக்கும், ஒரு கலத் தடிப்பே உள்ள படை. புத்துட்படையில் பெரும்பங்கு நடுப்படையிலிருந்து நகர்ந்து வந்த மழமழப்பான தசைக் கலங்களும் அவை சுரந்த பொருளும்தான். இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டு நூல்களில் தமனி, செல், மரபணு. இலங்கையில் எங்கட பாடநூல்களில் நாடி, கலம், பரம்பரையலகு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளை 'நாடி' என்று இணையத்தில் தேடினால் முதலில் சோதிடம்தான் வந்து நிற்கும். 'தமனி' என்றும் தேடிப் பார்க்கவேண்டும்.

ஆய்வுகூட எலியில் இதை உண்டாக்கும் முறை: கழுத்தில் வெளிச் சிரசு நாடியால் (தலைக்குக் குருதி கொண்டுபோகும் நாடியின் ஒரு கிளை) 2 பிரெஞ்ச் அளவு (ஏறக்குறைய 0.67 மி.மீ.) பலூன் குழாயைச் செலுத்தி, பொதுச் சிரசு நாடிக்குள் உப்புநீரால் ஊதி, வழக்கமாக மூன்று தடவை இழுப்பார்கள். அகவணி உரிந்துவிடும். ஓரிரு நாளில் நடுப்படைக் கலங்கள் பிரிந்து பெருகத் தொடங்கும். நாலாம் நாளளவில், நடுப்படையையும் உட்படையையும் பிரிக்கும் மீள்சத்தி மென்றகட்டைக் கடந்து உள்ளே வரும். 14 நாளில் தடிப்பு நன்றாகத் தெரியும். குளக்கட்டு உடைப்பெடுத்த இடத்தில் மண்மூடை அடுக்கியவர்கள் நிறுத்தாமல் அடுக்கி வாய்க்காலையும் மறித்த கதைதான்.

எவ்வளவு அடுக்குவது என்பதில் பரம்பரையலகுக்குப் பங்குண்டு. குறைந்தது 20 தலைமுறை உடன்பிறப்புகளையே இணைத்து வளர்த்த சுண்டெலி வழிகளில் ஒரு வழியின் எலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகு கொண்டவை. அகவணியை ஒரே மாதிரி உரித்தாலும் எஃப்.வி.பி/என் வழியில் புத்துட்படை தடிப்பாக வளரும், சி57பி.எல்/6 வழியில் குறைவு. ஆனால் கொழுப்புணவு கொடுத்தால் நாடியில் கொழுப்புப் படிவது சி57பி.எல்/6 வழியில்தான் கூட! ஆகவே காயத் தடிப்பையும் கொழுப்புப் படிவையும் ஆளும் பரம்பரையலகுகள் ஒன்றல்ல. இரண்டையும் 'நாடித் தடிப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்குவது இதனால்தான் ஆபத்து.

பிழை வருவது பெரும்பாலும் கையில். பலூனைக் குறைவாக ஊதினால் அகவணி திட்டுத் திட்டாக மிஞ்சும். கூட ஊதினால் மீள்சத்தி மென்றகடு கிழிந்து தடிப்பு மிகும். இரண்டு வழிகளை இரண்டு பேர் செய்தால் கைவித்தியாசம் பரம்பரை வித்தியாசமாகத் தோன்றும். இவான்ஸ் நீலச் சாயம் ஏற்றினால் உரிந்த இடம் மட்டும் நீலமாகும். அதைக் கொண்டு காயத்தின் அளவைச் சரிபார்க்கலாம். நாடியை வெட்டி எடுக்குமுன் குருதி அமுக்கத்துக்கு ஒத்த அமுக்கத்தில் பதப்படுத்தாவிட்டால் குழாய் சுருங்கி, உள்வெளியின் அளவு பொய்த்துவிடும். உட்படைக்கும் நடுப்படைக்குமான பரப்பு விகிதத்தையும் சேர்த்துக் கணிப்பது நல்லது. வயது, பால், நிறை மூன்றும் ஒத்திருக்கவேண்டும்.

ஸ்டென்ட் (ஒடுங்கிய நாடியை விரித்துவைக்கும் வலைக்குழாய்) வைத்தவருக்கு மாதங்கள் கழித்து "திரும்ப அடைச்சிட்டுது" என்று ஊரில் சொல்வது பல வேளைகளில் இந்தப் புத்துட்படையைத்தான். அதற்கு மீளொடுக்கம் என்பது பொருத்தமான சொல். சிரோலிமஸ் என்ற மருந்து பூசிய ஸ்டென்ட் தடுப்பதும் இதே கலப்பிரிவைத்தான். ஸ்டென்டுக்குள் குருதி உறைந்து திடீரென அடைபடுவது வேறு. அதை மீளொடுக்கம் என்று எழுதக்கூடாது.