மழை மாதத்தில் வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால், தோட்டப் பராமரிப்பு வேலை செய்யும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார், இன்னைக்கு இலையெல்லாம் தொங்கிப்போச்சு. தண்ணி ஊத்தியும் நிமிரலை." வெளியே மூன்று நாளாக மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

சென்னை அண்ணா நகரில் ஒரு வீட்டு மாடியில் அப்படித்தான் ஒரு செம்பருத்தி. தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல் கனம் கனத்தது. அடித்துளையை வேரும் இறுகிய மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. கவிழ்த்துச் செடியை உருவியதும் சாக்கடை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல்போல நரம்புதான் மிச்சம். அந்த வேர் எங்கே தண்ணீர் குடிக்கும்?

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் திணறும், பிறகு அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். தாகத்தில் வாடுவதும் மூழ்கி வாடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் குடத்தைக் கீழே வைத்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் இந்த மூன்று மழை மாதமும் எடுத்துவிடலாம். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீரே போதும்.

சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கொட்டித் தீர்க்கிறது. அப்படியிருந்தும் கொட்டும் மழையில் ஸ்பிரிங்க்ளர் சுற்றிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோடையில் டைமர் வைத்தவர்களுக்கு அதை நிறுத்தும் நினைவு வருவதில்லை.

புல்தரைக்கு வருவோம். திருவான்மியூர், அடையாறு பக்கம் மணல் மண், பெய்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அண்ணா நகர், விருகம்பாக்கம், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண், அங்கேதான் தொல்லை. முதல் பெருமழை விட்டதும் குடையோடு ஒரு சுற்று வந்து, எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். மறுநாளும் வடியவில்லை என்றால் அந்த இடம் பள்ளம். வெயில் தலைகாட்டியதும் புல்லைப் பாய்போலச் சுருட்டி, அடியில் மணலும் மக்கிய எருவும் கலந்து மேடாக்கி, திரும்ப விரித்து மிதித்துவிட்டால் போதும். மண் இறுகியிருந்தால் தோட்ட வேலைக்கான பெரிய முள்கரண்டியை நான்கு அங்குல ஆழம் குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள், அரை அடிக்கு ஒரு குத்து. அந்தத் துளைகளில் மணலைக் கூட்டித் தள்ளிவிடுங்கள். ஈரத்தரையில் மட்டும் யாரையும் நடக்க விடாதீர்கள். ஒரு நாள் கிரிக்கெட் ஆட்டம் போதும், களிமண் சிமென்ட் தளம்போல ஆகிவிடும்.

அடுத்தது யூரியா. இதில் நானும் சூடுபட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில், மழைக்கு முன்னால் போட்டால் நன்றாகக் கரைந்து இறங்கும் என்று அக்டோபர் நடுவில் ஒரு கொரியன் புல்தரைக்குத் தாராளமாகத் தூவினேன். பாதி மழையோடு தெருவுக்குப் போனது. மீதியைத் தின்ற புல் பத்தே நாளில் தளதளவென்று வளர்ந்தது. வீட்டுக்காரர் என்னைப் பாராட்டினார். அதற்கடுத்த வாரம் தட்டு தட்டாக வட்டம் போட்டு வைக்கோல் நிறத்தில் காய ஆரம்பித்தது. பூஞ்சாணம். தழைச்சத்து ஏறிய இளம்புல், வடியாத ஈரம் இரண்டும் சேர்ந்தால் அதற்கு விருந்துதான். இப்போதெல்லாம் புரட்டாசிக்குப் பிறகு யூரியாவைத் தொடுவதில்லை. நன்கு மக்கிய எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து, ஒரு வாரம் நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்து, மழைக்கு முன்பே செடிகளின் வேர்ப்பக்கம் இட்டுவிடுகிறேன். இது வருமுன் காப்பதற்குத்தான். அழுகிய வேரை இது பிழைக்க வைக்காது.

புல் வெட்டுவதை இலை காயும்வரை தள்ளிப்போடுங்கள். ஈரப்புல்லை மெஷின் வெட்டாது, பிய்க்கும். எவ்வளவு வளர்ந்திருந்தாலும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோரைக் களையை எடுப்பதற்கு மட்டும் இதுதான் நல்ல காலம். மண் இளகியிருப்பதால் களைக்கொத்தியை ஆழமாக விட்டால் கிழங்கோடு வரும். மேலே பிடுங்கினால் அடுத்த வாரமே அதே இடத்தில் நிற்கும்.

கடைசியாக, ராட்சத ஆப்பிரிக்க நத்தை. மழை ஓய்ந்த இரவில் டார்ச்சோடு போனால் சுவரெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். ஈரச்சாக்குக்கு அடியில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டுவைத்தால் விடிவதற்குள் அங்கே வந்து கூடிவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒருவகைப் புழு அதன் உடம்பில் இருக்கலாம். பொறுக்கியதை வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போடுங்கள். பாத்தியில் நேராக உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் போய்விடும்.