உறையைப் பிரிக்க எட்டு நாள்: மிச்சிகனின் தபால் வாக்குச் சட்டம்

தபால் வாக்கை எண்ணுவது என்றால் சீட்டை ஸ்கேனரில் விடுவதுதானே என்று தோன்றும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதற்கு முன்பே ஏகப்பட்ட வேலை இருக்கிறது. உறை மேல் உள்ள கையெழுத்து பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். உறையைப் பிரித்து, சீட்டோடு ஒட்டியிருக்கும் எண் அந்த வாக்காளருக்குக் கொடுத்த எண்தானா என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம் அந்த எண் துண்டைக் கிழித்துவிட வேண்டும். அதோடு அது யார் போட்ட வாக்கு என்ற தடயம் போய்விடும். தபாலில் மடிந்து வந்த தாளை நீவியும் விட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கேனரில் சிக்கும்.

2020 அதிபர் தேர்தலில் சுமார் 33 லட்சம் சீட்டுகளுக்கு இதைச் செய்தார்கள். ஆனால் சட்டம் முன்கூட்டிக் கொடுத்த நேரம், 25,000 பேராவது உள்ள ஊர்களுக்கு மட்டும், தேர்தலுக்கு முந்தைய நாளில் பத்து மணி நேரம். அதிலும் வெளி உறையைத்தான் பிரிக்கலாம். எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. இரவில் முன்னிலையில் இருந்த டிரம்ப் காலையில் பின்தங்கியதும், டெட்ராய்ட் நகரில் வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே கூட்டம் கூடி எண்ணுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தியது. தபால் உறைகளைக் கடைசியில் பிரித்ததால் வந்த மாற்றம் அது. சட்டம் நேரம் கொடுக்காததற்கு, உள்ளே ராப்பகலாக வேலை செய்தவர்கள் திட்டு வாங்கினார்கள். அது அநியாயம்.

2023ல் சட்டம் மாறியது. 5,000 பேராவது உள்ள ஊர்கள் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பே உறையைப் பிரித்து ஸ்கேனரிலும் விடலாம். சிறிய ஊர்களுக்கு, தேர்தலுக்கு முந்தைய நாளான திங்கட்கிழமை.

சரி, முடிவு முன்பே கசிந்துவிடாதா? யாருக்கு எத்தனை என்ற கணக்கை, தேர்தல் நாளில் இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் வரை எடுக்கவே கூடாது. அதற்கு முன் வெளியே சொன்னால் கடுங்குற்றம். இரு கட்சிகளையும் சேர்ந்த பணியாளர்கள் கூடவே இருப்பார்கள்.

வாக்காளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீட்டை அனுப்பிய பிறகு மனம் மாறினால் அதை ரத்து செய்து வேறு கேட்கலாம். ஆனால் தேர்தலுக்கு முந்தைய இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் கேட்க வேண்டும். அடுத்த திங்களன்று உறைகளைப் பிரிக்கத் தொடங்கிவிடலாம். சீட்டு ஸ்கேனருக்குள் போய்விட்டால் எது உங்களுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லா மாநிலமும் இப்படி மாறிவிடவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் 2024 தேர்தலிலும் அன்று காலை 7 மணிக்குத்தான் உறையைத் தொட முடிந்தது. ஏழு நாள் கொடுக்கும் மசோதா அந்த ஆண்டு கீழவையில் நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை.