பூச்சுக்குள் இருக்கும் காற்று

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இங்கே 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியது. ரெயின்போ நகரில் வசிக்கும் வாசகி ஒருவரின் வீட்டுக்குள் அன்று முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. பாட்டியின் சீதனமாக வந்த தேக்கு அலமாரியை நகர்த்த ஆளில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், செம்பழுப்பாக இருந்த பாலிஷ் அந்த முழங்கால் உயரம்வரை பால் தெளித்ததுபோல் வெளுத்துப் போயிருந்ததாம். அதன்மேல் வெளிர்நீலத்தில் சாக் பெயின்ட் பூச நினைப்பதாக எழுதியிருக்கும் அவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், பிரைமர் எனும் அடிப்பூச்சும் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? நம் ஊர்க் கடற்காற்றுக்கு அது தாங்குமா? விலையில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும் டப்பாக்களில் எதை வாங்குவது?

பெயின்ட் என்பது நிறம் தரும் தூள், அதைப் பிடித்துக்கொள்ளும் பசை, இரண்டையும் பூசும் பதத்தில் வைத்திருக்கும் நீர் அல்லது கரைப்பான் ஆகிய மூன்றின் கலவை என்பது பள்ளிப் பாடம். சாக் பெயின்டில் தூளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சீமைச் சுண்ணாம்பு. இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் 1990இல் இந்தப் பெயரில் மரச்சாமான்களுக்கான பூச்சு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் அங்கிருந்து பரவியது. பொருள் மட்டும் நமக்குப் பழையது. அந்தக் காலத்து டிஸ்டெம்பர் சுவரில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையின் முதுகில் நீலமோ பச்சையோ ஒட்டிக்கொள்ள வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்குச் சாக் பெயின்டின் தாத்தாவை நன்றாகவே தெரியும். அதுவும் சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்ததுதான். தாத்தாவிடம் விலங்குப் பசை இருந்தது, பேரனிடம் அக்ரிலிக் போன்ற நெகிழிப் பசை இருக்கிறது, அவ்வளவே. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு இவற்றோடு சேராது. அது கால்சியம் ஹைட்ராக்சைடாகப் பூசப்பட்டு, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு சுவரிலேயே கல்லாக மாறுவது.

சீமைச் சுண்ணாம்புக்கு லத்தீனில் கிரேட்டா என்று பெயர். கிரிட்டேசியஸ் என்ற நிலவியல் காலம் அந்தச் சொல்லிலிருந்தே பெயர் பெற்றது. ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் காலத்தின் கடற்படிவுகள் அரியலூரிலும் உண்டு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் வழுதாவூரிலும் உண்டு. ஆகவே இறக்குமதி டப்பாவைக் கையில் எடுக்கும்போது, உள்ளே ஏதோ நாம் காணாத பொருள் இருப்பதாக எண்ணிப் பரவசமடைய வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஊறவைத்த பச்சரிசியை மை போல அரைத்து நீர்க்கக் கரைத்து, துணியை நனைத்து விரல் வழியே ஒழுகவிட்டு மாக்கோலம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். போடும்போது கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தரையின் நிறம் ஊடே தெரிய, சாம்பல் பூத்த ஈரக்கோடாகத்தான் இருக்கும். பழகிய கை, எங்கே இழுத்தோம் என்பதை நினைவில் வைத்தே அடுத்த வளைவை இழுக்கும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் பளீரென்ற வெள்ளை. மாவு கூடவில்லை, நீர் மட்டும் போயிருக்கிறது. வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது அதில் ஒரு பங்கு எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. திரும்பும் பங்கு எவ்வளவு என்பதை இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு, அதாவது ஊடகம் ஒளியின் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்று காட்டும் எண்களுக்கு, இடையிலான வேறுபாடு தீர்மானிக்கிறது. அரிசி மாவுத் துகளின் எண் ஏறத்தாழ 1.53, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. கணக்குப் போட்டால், நேராக விழும் ஒளியில் நீருக்கும் மாவுக்கும் இடையிலான எல்லை நூற்றுக்கு அரைப் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. காற்றுக்கும் மாவுக்கும் இடையிலான எல்லையோ நூற்றுக்கு நாலேகால் பங்குக்கு மேல் திருப்புகிறது. ஒரே எல்லையில் இது சிறிய எண்தான். ஆனால் ஒரு கோட்டின் கனத்துக்குள் இப்படிப்பட்ட எல்லைகள் பல அடுக்கு. ஒளி அவற்றில் மோதி, சிதறி, மறுபடி மோதித் தரையை எட்டாமலே பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. எல்லா நிறமும் சமமாகச் சிதறி வருவதால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. நீர் வெளியேறிய இடங்களில் புகுந்த காற்றுதான், உண்மையில், கோலத்தின் வெள்ளை நிறமி.

சாக் பெயின்டிலும் இதுவே நடக்கிறது, ஆனால் அங்கே பசை என்ற மூன்றாவது ஆள் இருப்பதால் கதை இன்னும் சுவையானது. கால்சியம் கார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சராசரியாக 1.6, அக்ரிலிக் பசைக்கு ஏறக்குறைய 1.5. துகள் முழுக்கப் பசையில் மூழ்கிக் கிடந்தால் எல்லையில் திரும்பும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே, எனவே சுண்ணாம்பு இருப்பதே தெரியாது. அதே துகளைச் சுற்றிக் காற்று இருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் திரும்பும். ஐம்பது மடங்கு வேறுபாடு. சுண்ணாம்புத் தூளை எண்ணெயில் குழைத்தால் வெண்மை குன்றி அடிநிறம் ஊடே தெரிவதும், தண்ணீரில் குழைத்துக் காயவைத்தால் வெள்ளையாக மூடுவதும் இதனால்தான்.

அப்படியானால் பசையைக் குறைத்தால் காற்று தானாக வந்துவிடுமா? வரும், ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே வரும். கடலை மிட்டாயையும் பொரி உருண்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயில் வெல்லப் பாகு கடலைகளுக்கு இடையிலான சந்துகளையெல்லாம் நிரப்பி மேலேயும் பரவி நிற்பதால் மேற்பரப்பு வழவழப்பாக மின்னுகிறது. கார்த்திகைப் பொரி உருண்டையில் பாகு, பொரி ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மற்ற இடத்தைக் காற்றுக்கு விட்டுவிடுகிறது. மேற்பரப்பு கரடுமுரடு, மினுமினுப்பு கிடையாது. காய்ந்த பூச்சின் கன அளவில் தூளின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் பசை எல்லாச் சந்துகளையும் நிரப்பப் போதாமல் போகிறது. அதைத் தாண்டியதும் பளபளப்பு, நீர்புகாத் தன்மை, உறுதி எல்லாம் திடீரென்று மாறுவதை ஆஸ்பெக், வான் லூ என்ற பூச்சு ஆய்வாளர்கள் இருவரும் 1949இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டி, அந்த எல்லையை மாறுநிலை நிறமிக் கனச் செறிவு என்று வரையறுத்தார்கள். கதவுக்கு அடிக்கும் பளபள எனாமலில் தூள் நூற்றுக்கு இருபது பங்கை ஒட்டி நிற்கும். மினுக்கமற்ற பூச்சுகளில் அது பாதியைத் தாண்டிவிடும். சாக் பெயின்ட் அந்த எல்லைக்கு அருகிலோ அதைச் சற்றுத் தாண்டியோ நிற்கும் பொரி உருண்டை.

அதன் நல்ல குணங்கள், கெட்ட குணங்கள் அனைத்தும் இந்தக் காற்றிலிருந்தே புறப்படுகின்றன. ஒரு கை பூசினாலே அடி நிறம் மறைவது காற்றால். நீர் துளைகள் வழியே விரைவாக வெளியேறுவதால் சீக்கிரம் காய்கிறது. காயும்போது படலம் அதிகம் சுருங்காததால் அடிப்பரப்பை இழுத்துப் பிய்த்துக்கொள்ளும் விசையும் குறைகிறது. தேய்க்காத பரப்பிலும் அது ஓரளவு ஒட்டி நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதே துளைகள் வழியேதான் காப்பிக் கறையும், கை வியர்வையும், ஈஸிசேரில் தலை சாய்க்கும் இடத்து எண்ணெயும் உள்ளே இறங்குகின்றன. எனவேதான் மேலே மெழுகு பூசச் சொல்கிறார்கள். மெழுகு பூசியதும் நிறம் ஒரு படி ஆழமாவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். மழையில் நனைந்த கோலம் மங்குகிறதே, அதே கணக்குத்தான். 1.44 ஒளிவிலகல் எண் கொண்ட மெழுகு, துளையில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டது. ஆகவே கடையில் காட்டும் நிற அட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு துண்டு மரத்தில் பூசி, காயவைத்து, மேற்பூச்சும் போட்டுப் பார்த்த பிறகே நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மெழுகைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குளிர்நாட்டு வழக்கத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறோம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்து நானும் ஒரு முக்காலிக்கு அதைப் பூசினேன். உருகும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே மெழுகு இளகத் தொடங்கிவிடும் என்பதை, கத்திரி வெயிலில் சன்னலோரம் இருந்த அந்த முக்காலியில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு அச்செழுத்தைப் பதித்துவிட்டுப் போனபோதுதான் புரிந்துகொண்டேன். 82 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா மெழுகு கலந்தது சற்று மேல். அன்றாடம் புழங்கும் மேசைக்கும் நாற்காலிக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட மினுக்கமற்ற பாலியூரித்தேன் மேற்பூச்சே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் முடிவு. ஒருமுறை மெழுகு பூசிவிட்டால் அதன்மேல் பாலியூரித்தேன் பிடிக்காது என்பதால் இதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

பிரைமர் வேண்டாம் என்ற விளம்பரம் பாதி உண்மை. ஒட்டுவதற்குப் பிரைமர் பெரும்பாலும் தேவைப்படாது. கறையைத் தடுப்பதற்குத் தேவைப்படும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் நிறமூட்டும் சாறுகள் உண்டு, அவற்றில் ஒரு பகுதி நீரில் கரையும். பாலிஷ் போன வெறும் மரத்தின்மேல் நீர்ப் பூச்சைப் போட்டால் சாறு கரைந்து துளைகள் வழியே மேலேறி, வெளிர்நீலத்தில் தேநீர்க் கறை போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். எத்தனை கை பூசினாலும் மறையாது. தீர்வு நம்மிடமே இருக்கிறது. பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்வது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அரக்குப் பூச்சி தரும் இந்தப் பிசின் நீரில் கரையாததால் சாறு அதைத் தாண்டி வராது. பழைய பாலிஷ் நல்ல நிலையில் இருக்கும் இடத்தில் அதுவே பிரைமர். போன இடத்தில் இரண்டு கை அரக்கு பூசினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். சலவைச் சோடாக் கரைசலால் கழுவச் சொல்வார்கள். காரம் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் பாலிஷ் போட்ட சாமானுக்கு அது வேண்டாம்.

டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்றே. ஒன்று, ஈயம். இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்து வண்ணம் அடித்த சாமான்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. இரண்டு, துணிச் சோதனை. பூசி இரண்டு நாள் காய்ந்த மாதிரியைக் கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்தால், தூள் தாராளமாக ஒட்டினால் பசை போதவில்லை என்று பொருள். பழைய டிஸ்டெம்பர் கதைதான். மூன்று, ஒரு சொட்டு நீர். விழுந்த உடனே இருண்டு உறிஞ்சப்பட்டால் துளைகள் மிக அதிகம்; நெடுநேரம் முத்துப்போல் உருண்டு நின்றால் அது சாக் பெயின்ட் என்ற பெயரில் விற்கும் சாதாரண எமல்ஷன். இரண்டுக்கும் நடுவில், ஒன்றிரண்டு நிமிடத்தில் மெல்ல இருள்வதே நான் விரும்புவது. விலை இந்தச் சோதனைகளில் எதையும் சொல்லித் தராது.

வீட்டிலேயே கலந்துகொள்வதிலும் தவறில்லை. மினுக்கமற்ற எமல்ஷன் மூன்று பங்குக்கு நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூள் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். அது நீரோடு வினைபுரிந்து ஜிப்சமாக இறுகும் பொருள். என் வாளியில் பாதி வேலையிலேயே பூரி மாவாகிவிட்டது. ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் இரண்டு கிராமுக்கு மேல் கரையும், கால்சியம் கார்பனேட் கிராமில் நூற்றில் ஒரு பங்கு அளவே கரையும் என்பதையும் ஈரம் மிகுந்த ஊரில் இருக்கும் நாம் யோசிக்க வேண்டும். சமையல் சோடாவைச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. அது நீரில் நன்றாகவே கரையும் உப்பு.

நாள் நட்சத்திரம் பார்த்து அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்களைக் கேலி செய்கிற படித்தவர்களே, 'இயற்கையானது, ரசாயனம் இல்லாதது' என்று ஒட்டிய டப்பாவுக்கு இரட்டை விலை கொடுக்கிறார்கள். சுண்ணாம்பும் ரசாயனம், நீரும் ரசாயனம், அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் நெகிழி. இந்தப் புது மூடநம்பிக்கைக்கு ஒரு காரணம், நமக்கு வேண்டிய தகவலை யாரும் சோதித்துச் சொல்லாததே. கடலோர ஈரத்தில், உப்புக் காற்றில், தேக்கின்மேல் எந்தப் பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மொட்டை மாடியும், இருபது பலகைகளும், ஐந்தாண்டுப் பொறுமையும், ஒரு மாணவரின் உதவித்தொகையும் போதும். இத்தகைய எளிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை நம் கல்லூரிகள் கௌரவக் குறைவாக நினைக்கின்றன என்பது என் வருத்தம்.

வாசகியின் அலமாரிக்குத் திரும்புவோம். முழங்கால் உயர வெண்மை, மரம் கெட்டதற்கான அடையாளம் அல்ல. அரக்குப் படலத்துக்குள் நீர் புகுந்து உண்டாக்கிய நுண்ணிய இடைவெளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன; மாக்கோலத்தை வெளுக்கச் செய்த அதே செயல், வேண்டாத இடத்தில் நடந்திருக்கிறது. சுத்தமான துணியை ஸ்பிரிட்டில் இலேசாக நனைத்து, கண்ணில் படாத பின்காலில் மேலோட்டமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரக்கு சற்றே கரைந்து இடைவெளிகளை மூடிக்கொண்டு மறுபடி காயும். பழைய செம்பழுப்பு திரும்பினால், நீலப் பெயின்ட் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். வேண்டும் என்றால் அடுத்த மழைக்காலத்துக்குள் அவசரப்பட வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும்போது மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரையும், 65ஆகக் குறையும்போது 12 விழுக்காட்டையும் வைத்துக்கொள்ளும். நிறைய ஈரத்தோடு பூசினால், மரம் பின்னர் சுருங்கும்போது மூட்டுகளில் பூச்சு வெடிக்கும். அடித்தட்டுப் பலகையைக் கழற்றி, மளிகைக்கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் அன்று டப்பாவைத் திறக்கலாம்.