சட்டமன்ற 'மாவட்டம்' என்று ஒன்று இல்லை

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வென்ற இடத்தைத் தமிழில் "37ஆவது சட்டமன்ற மாவட்டம்" என்று எழுதுகிறார்கள். 2016இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு வென்றபோது அது "7ஆவது காங்கிரஸ் மாவட்டம்" ஆகிவிட்டது. அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் இந்த மாவட்டங்கள் கிளம்பி வருகின்றன. இரண்டும் பிழை. முன்னது மாநிலச் சட்டமன்றத் தொகுதி, பின்னது நாடாளுமன்றத் தொகுதி.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டிஸ்ட்ரிக்ட்' என்று இருப்பதை அப்படியே மாவட்டம் ஆக்கியதால் வந்த பிழை. அந்தச் சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். 'டிஸ்ட்ரிக்ட்' லத்தீன் வினையொன்றிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிடித்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்பது வேர்ப்பொருள். ஒரு பிரபுவின் தண்டிக்கும் அதிகாரம் எதுவரை செல்லுமோ அந்த நிலப்பரப்பு என்று இடைக்காலத்தில் பொருள் விரிந்தது. பிற்பாடு, எந்தக் காரியத்துக்காகவும் எல்லை போட்டுப் பிரித்த எந்தப் பகுதிக்கும் அமெரிக்கர்கள் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். தமிழ் 'மாவட்டம்' அத்தனை அகலமான சொல் இல்லை. தாலுகாவுக்கு வட்டம், ஜில்லாவுக்கு மாவட்டம் என்று வருவாய் நிர்வாகத்துக்காகவே புழக்கத்துக்கு வந்த இணை இது. மாவட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகமும் பட்டா மாறுதலும்தான் தமிழ் வாசகர் நினைவுக்கு வரும். 'தொகுதி' தொகு என்ற வினையிலிருந்து வந்தது, திரட்டப்பட்டது என்று பொருள். பிரதிநிதி ஒருவரை அனுப்புவதற்காகத் திரட்டப்பட்ட மக்கள்கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

இரண்டும் வேறுவேறு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. புது ஆட்சியர் வந்தார், முகவரிகளில் மாவட்டத்தின் பெயர் மாறியது. தென்காசி சட்டமன்றத் தொகுதியின் எல்லை 2008 மறுவரையறையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. மயிலாடுதுறை மக்களவைத் தொகுதிக்குள் தஞ்சாவூர் மாவட்டத்துக் கும்பகோணமும் பாபநாசமும் திருவிடைமருதூரும் அடங்குகின்றன. மாவட்டம் நிர்வாகத்தின் கோடு, தொகுதி தேர்தலின் கோடு. இது எந்தத் தமிழ் வாக்காளருக்கும் தெரியும். அமெரிக்கச் செய்தியை எழுத உட்காரும்போது மட்டும் மறந்துபோகிறது.

வாஷிங்டன் மாநிலத்தை உற்றுப் பாருங்கள். அங்கே நம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ இணையானது கவுண்டி. மொத்தம் 39 கவுண்டிகள். சொத்துவரி மதிப்பீடு, ஷெரிஃப் எனும் காவல் தலைவர், தேர்தல் அலுவலகம் எல்லாம் கவுண்டியில்தான். சட்டமன்றத் தொகுதிகள் 49. 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 77,05,281. அதை 49ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 1,57,250 பேர். சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் ஏறக்குறைய 22.7 லட்சம் பேர், கார்ஃபீல்டு கவுண்டியில் சுமார் 2,300 பேர். முதலாவதைப் பல தொகுதிகளாகக் கூறு போட வேண்டும், இரண்டாவதை அண்டைக் கவுண்டிகளோடு சேர்த்தால்தான் ஒரு தொகுதி தேறும். மாநிலத் தொகுதிகளின் மக்கள்தொகை ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்ததால், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் கோடுகளைத் திருத்தியாக வேண்டும். கவுண்டிக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இத்தனையும் இருக்க, இரண்டையும் மாவட்டம் என்று எழுதினால் "கிங் மாவட்டம் நடத்தும் 37ஆவது மாவட்டத் தேர்தல்" என்றொரு வாக்கியம் பிறக்கிறது. இதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

'மாவட்டம்' என்ற சொல்லுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் மூன்று வாதங்கள் வைக்கிறார்கள்.

மூலத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' என்றுதானே இருக்கிறது என்பது முதல் வாதம். கனடாவில் இதே பொருளுக்கு 'ரைடிங்' என்கிறார்கள். அதைச் 'சவாரி' என்று எந்தத் தமிழரும் எழுதவில்லை. ஸ்காபரோவில் வாக்குக் கேட்டு வரும் தமிழ் வேட்பாளர்களின் துண்டறிக்கையிலும் தொகுதி என்றுதான் இருக்கும். அங்கே பொருளைப் பார்த்தவர்கள் அமெரிக்கா என்றதும் எழுத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வாதம் இலங்கையைக் காட்டுகிறது. அங்கே 'தேர்தல் மாவட்டம்' என்பது அரசே ஆளும் சொல், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்று வாக்குச்சீட்டு வரை வழங்குகிறது, அப்படியிருக்க அமெரிக்காவுக்கு ஏன் கூடாது என்கிறார்கள். மூன்றில் மதிக்கத்தக்க வாதம் இது ஒன்றுதான். ஆனால் இலங்கையில் அந்தச் சொல் சரியாக இருப்பதற்குக் காரணம் அங்குள்ள முறை. 1978 அரசியலமைப்பு, கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி இடங்களைப் பிரிக்கும் விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தது. இன்றைய 25 நிர்வாக மாவட்டங்கள் 22 தேர்தல் மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒன்று. மன்னார், முல்லைத்தீவு, வவுனியா சேர்ந்து வன்னி. மற்றவை பெரும்பாலும் நிர்வாக மாவட்டத்தின் எல்லையிலேயே நிற்கின்றன. 225 உறுப்பினர்களில் 196 பேர் இந்த 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். வாக்காளர் தொகை கூடினாலும் குறைந்தாலும் எல்லை அசையாது, உறுப்பினர் எண்ணிக்கைதான் மாறும். இது மாவட்டத்தின் இயல்பு. அமெரிக்காவில் நேர்மாறு: எண்ணிக்கை நிலையாக நிற்கும், எல்லை நகரும். அந்தத் தேர்தல் மாவட்டங்களுக்குள்ளேயே இருக்கும் சிறு பிரிவுகளை ஈழத்தமிழர்கள் தொகுதி என்றுதான் அழைக்கிறார்கள். நல்லூர்த் தொகுதி, மானிப்பாய்த் தொகுதி. வேறுபாட்டை அவர்கள் துல்லியமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லைக் கடன் வாங்குபவர்கள் அந்தத் துல்லியத்தையும் சேர்த்து வாங்கட்டும்.

தொகுதி என்றால் ஓர் உறுப்பினர்தான், வாஷிங்டனின் ஒவ்வொரு 'டிஸ்ட்ரிக்டு'ம் மேலவைக்கு ஒருவரையும் கீழவைக்கு இருவரையும் அனுப்புகிறதே என்பது மூன்றாவது வாதம். நம் தேர்தல் வரலாறு தெரியாதவர்கள் சொல்வது இது. 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 205 இடங்கள், தொகுதிகளோ 167. முப்பத்தெட்டு தொகுதிகள் இரண்டு பேரை அனுப்பின. இரட்டை உறுப்பினர் தொகுதி என்றே அவற்றுக்குப் பெயர். வாஷிங்டனில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. கீழவையின் இரண்டு இடங்களுக்கும் 1ஆம் இடம், 2ஆம் இடம் என்று எண் கொடுத்து, தனித்தனிப் போட்டியாக நடத்துகிறார்கள். "37ஆவது தொகுதி, கீழவை, 2ஆம் இடம்" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டியது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் அமைப்பைத்தான். வாஷிங்டனில் இரு அவைகளுக்கும் ஒரே எல்லை என்பதால் 'சட்டமன்றத் தொகுதி' போதும். மின்னசோட்டாவில் 67 மேலவைத் தொகுதிகள், ஒவ்வொன்றும் ஏ, பி என்று இரண்டு கீழவைத் தொகுதிகளாகப் பிரிகிறது. அங்கே எந்த அவை என்று சொல்லியே ஆக வேண்டும். நெப்ராஸ்காவில் ஒரே அவை, 49 தொகுதிகள். மாநில மேலவை உறுப்பினரை வெறுமனே 'செனட்டர்' என்று விட்டுவிடாதீர்கள். வாசகர் அவரை அமெரிக்க செனட்டர் நூறு பேரில் ஒருவர் என்று எடுத்துக்கொள்வார். 'மாவட்ட மறுவரையறை' என்று எழுதினால் புது ஆட்சியர் அலுவலகம் வரப்போவதாகத் தோன்றும், 'தொகுதி மறுவரையறை' என்பதே சரி. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரை 1812இல் 'ஜெர்ரிமாண்டர்' (கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லையை வளைப்பது) என்ற வசைச்சொல்லாக்கியதும் ஒரு மாநில மேலவைத் தொகுதிக்குப் போட்ட கோணல் எல்லைதான்.

மாவட்டம் என்பதை அமெரிக்கச் செய்தியிலிருந்து அடியோடு விரட்ட வேண்டியதில்லை. பல மாநிலங்களில் கவுண்டி அளவில் வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞரை 'மாவட்ட அரசு வழக்கறிஞர்' என்பது பொருத்தமே. மேலே போட்டிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்க்காமல், அந்த எல்லைக்குள் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் மொழிபெயர்ப்பு. இயந்திரம் தரும் முதல் சொல்லை அப்படியே ஒட்டும் பழக்கத்தால் மற்ற சொற்களும் கெடுகின்றன. 'பிரீசிங்ட்' என்பதை 'வளாகம்' என்கிறார்கள். நம் வாக்காளர் பட்டியலில் பாகம் எண் என்று அச்சிட்டிருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தப் பாகம்தான் அது. உறுப்பினர் மறுபடி நிற்காத தொகுதி 'திறந்த இருக்கை' ஆகிறது. 'பிரைமரி' என்பதை 'முதன்மைத் தேர்தல்' என்பது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் முதன்மை என்றால் தலையாயது. வாஷிங்டனில் அது ஆகஸ்டில் நடக்கும் வடிகட்டல். கட்சி பார்க்காமல் முதலிரண்டு இடம் பெறுபவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள். 2014 நவம்பரில் ஜெயபாலை எதிர்த்து நின்றவரும் அவரைப் போலவே ஜனநாயகக் கட்சிக்காரர். முதற்கட்டத் தேர்தல் என்றோ முதனிலைத் தேர்தல் என்றோ எழுதுங்கள், ஆகஸ்டு முடிவைப் பார்த்து ஜெயபால் சட்டமன்றத்துக்குள் போய்விட்டார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.