புதுக் கட்டுமானத்துக்குத் தற்காலிக நிறுத்தம்: தீர்மானத்தில் எழுத வேண்டியவை

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் நகரின் முழுமைத் திட்டத்தைத் திருத்தி முடிக்கப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை பழைய விதிப்படியே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால், புதிய திட்டம் சாலைக்கு ஒதுக்க நினைத்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிடும். நீர்ப்பிடிப்பாகக் குறிக்க நினைத்த நிலம் மனைகளாகிவிடும். அதனால்தான் புதிய அனுமதிகளைச் சில மாதங்கள் நிறுத்தி வைக்கிறார்கள். இது தேவையான நடவடிக்கை. ஆனால் அதற்கான நகர மன்றத் தீர்மானத்தை அரைகுறையாக எழுதினால் வழக்குகள்தான் மிஞ்சும்.

நிறுத்தம் வரப்போகிறது என்ற செய்தி கசிந்த உடனே மனுக்கள் குவியும். இதைத் தவிர்க்கவே, கலிபோர்னியாவில் மன்ற உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்தால் 45 நாட்களுக்கு உடனடியாக நிறுத்தலாம்; நீட்டிப்பதற்கு முன் அறிவிப்பு கொடுத்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் நிறுத்திய 60 நாட்களுக்குள் கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும். எங்கானாலும் காரணத்தை ஆதாரத்துடன் எழுதுங்கள். ‘வளர்ச்சி அதிகமாகிவிட்டது’ என்பது ஆதாரம் ஆகாது. எந்தக் குழாய், எந்தச் சாலை, எந்த ஏரி, எவ்வளவு பற்றாக்குறை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு திட்டத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று தோன்றினால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

அடுத்தது, எதை நிறுத்துகிறோம் என்பது. நில வகைப்பாடு மாற்றம், மனைப்பிரிவு ஒப்புதல், கட்டிட அனுமதி மூன்றும் வேறு வேறு. நகரின் எதிர்கால வடிவத்தை முடிவுசெய்பவை பெரும்பாலும் முதல் இரண்டும்தான். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மனையில் ஒருவர் கட்டும் ஒற்றை வீட்டை நிறுத்துவதால் பெரிய பயன் இல்லை, மக்களின் வெறுப்புதான் மிச்சம். அடிக்கடி விட்டுப்போவது வேறு: மண் நிரப்புதல், மரம் வெட்டுதல், பழைய கட்டிடங்களை இடித்தல். கட்டிட அனுமதியை நிறுத்திவிட்டு இவற்றைத் திறந்து வைத்தால், திட்டம் வருவதற்குள் தாழ்நிலம் மேடாகியிருக்கும். ‘இத்தனை வீடுகளுக்கு மேல்’ என்று வரம்பு வைத்தால், ஒரே நிலத்தைத் துண்டுபோட்டுத் தனித்தனி மனுவாகக் கொடுப்பார்கள். தீர்மானத் தேதியில் ஒரே உரிமையில் இருந்த நிலம் முழுவதையும் ஒன்றாகக் கணக்கிடுவோம் என்று எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

தீயிலோ வெள்ளத்திலோ சேதமான வீட்டை அதே அளவில் திரும்பக் கட்டுவதற்கும், பழுதுபார்ப்புக்கும் விலக்கு வேண்டும். நிலுவை மனுக்களில் எது ‘முழுமையான மனு’ என்பதை ஆவணப் பட்டியல், கட்டணம், தேதி ஆகியவற்றோடு வரையறுக்க வேண்டும். பெற்ற அனுமதி நிறுத்தத்தால் முடங்கினால், முடங்கிய நாட்களை அதன் செல்லுபடிக் காலத்தில் கழிந்தவையாக எண்ணாதீர்கள்.

நிறுத்திய முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அனுமதி பெற்றும் இன்னும் கட்டப்படாத வீடுகளை எண்ணுவது. அப்படி 3,000 வீடுகள் இருப்பதாகவும், வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் கழிவுநீர் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சம் லிட்டர். சுத்திகரிப்பு நிலையத்தில் மீதமுள்ள திறன் 20 லட்சம் லிட்டர் என்றால், முக்கால் பங்கு ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கணக்கு இல்லாமல் வரையும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை நம்ப முடியாது.

கால வரம்பும் வேலை அட்டவணையும் சேர்ந்தே இருக்க வேண்டும். வாஷிங்டனில் நிறுத்தத்துக்குப் பொதுவான வரம்பு ஆறு மாதம். வேலைத் திட்டம் வகுத்தால் ஓராண்டு வரை வைக்கலாம். அமெரிக்காவின் தாஹோ ஏரிப் பகுதியில் 1980களில் 32 மாதங்கள் நீடித்த நிறுத்தம், நீண்டது என்பதாலேயே இழப்பீடு தர வேண்டிய சொத்துப் பறிப்பாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஓராண்டைத் தாண்டுபவற்றைக் கூடுதல் ஐயத்துடன் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நிறுத்தம் முடியும் தேதிக்கு முன்பே புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விழுந்தாலும் காத்திருந்த மனுக்கள் எல்லாம் பழைய விதியின்கீழ் உள்ளே வந்துவிடும். வரைவுத் திட்டத்தை மன்றத்தில் வைக்கும் நாளைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். ஆட்சேபங்களைக் கேட்கவும் திருத்தவும் குறைந்தது மூன்று மாதமாவது கையில் இருக்கட்டும்.